பயப்பட ஒரு மொழி

அன்று காலை நோர்வேக்காரர்கள் எல்லாரும் திடீரென்று பாசையூர்த் தமிழ் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் கதைத்தவர் ஹெல்விக் உதைபந்தாட்டக் கழகத்தின் வாசலில் இருக்கும் காவற்காரக் கிழவர். பனிக்குள் நடந்து வந்த திலோஜினி கதவைத் தள்ளித் திறந்ததும் அவர் வழக்கம்போலத் தன் பாஷையில் ஏதோ சொன்னார். மற்ற நாளென்றால் அவள் காதுக்குள் செருகியிருக்கும் மொழிபெயர்ப்புக் கருவி அதை, "காலை வணக்கம், வெளியே கடுங்குளிர் நிலவுகிறது" என்று வானொலிச் செய்தி வாசிப்பதுபோலச் சொல்லும். இன்றைக்கு, "என்ன பிள்ளை, விறைச்சுப் போனியே? கெதியா உள்ளுக்கு வா" என்றது.

யாழ்ப்பாணக் கரையில் அவள் பிறந்த பாசையூரின் கதை அது. திலோ அப்படியே நின்றுவிட்டாள்.

நடையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண், "உந்தச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா பாப்பம், இப்பதான் துடைச்சனான்" என்று சிடுசிடுத்தாள். எதிரே வந்த இரண்டு ஆட்டக்காரர்களில் ஒருவன் மற்றவனைப் பார்த்து, "போடா விசரா, அது கோலே இல்லை" என்று கத்தினான். திலோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க முதலே கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு அவள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்குள் குடியிருப்பதுபோலத்தான் சீவித்திருந்தாள். சுற்றியிருந்த எல்லாரும் மரியாதையாக, இலக்கணமாக, ஒரு ஒட்டுமில்லாமல் கதைத்தார்கள். இன்றைக்குத்தான் அவர்களுக்கெல்லாம் வாய் முளைத்திருந்தது.

ஆரோ புண்ணியவான் எங்கட கதையையும் மெசினுக்குள்ள ஏத்திவிட்டிட்டான் என்று நினைத்தாள். அதற்குமேல் அவள் புத்தி போகவில்லை. றெஜி அண்ணையிடம் சொல்லிச் சிரிக்கவேண்டும் என்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

றெஜி அண்ணை என்பது றெஜினோல்ட் சூசைதாசன், ஹெல்விக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர். குருநகரிலிருந்து வந்த அவருடைய அப்பா, வடக்கு நோர்வேயில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். றெஜி பிறந்தது, படித்தது, பந்து உதைத்தது எல்லாம் இங்கேதான். ஆனால் ஏச்சு வாங்கியதும் ஆறுதல் கேட்டதும் அம்மாவிடம், தமிழில். மனம் கலங்கினால் அவர் வாயில் வருவதும் அந்தப் பாஷைதான்.

திலோவை அவர் வேலைக்கு எடுத்ததே ஒரு பகிடி. ஒஸ்லோவில் தமிழர் விளையாட்டு விழா ஒன்றில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் வர்ணனை செய்துகொண்டிருந்தவளை மைதானத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் கதைக்கிறாய் தங்கச்சி. கேக்கவும் தெரியுமே?"

"என்னத்தைக் கேக்கிறது அண்ணை?"

"என்னை."

அவள் விழித்தாள். அவர் தன் சட்டைக் கொலரில் இருந்த கறுப்புப் பொத்தான் ஒன்றைக் காட்டினார்.

"இது பொத்தான் இல்லை, மைக். இண்டைக்கு வேலை செய்யாது. ஆனால் போட்டிக்கு முதல் நாள் கழகத்துக்குள்ள கால் வைக்கிறதில இருந்து, போட்டி முடிஞ்சு வெளிக்கிடுமட்டும் நான் சொல்லுற ஒவ்வொரு சொல்லையும் பத்திரிகைக்காரர் கேக்கலாம். லீக் அவங்களுக்கு அதை வித்துப்போட்டுது. எந்தப் பாஷையில சொன்னாலும் மெசின் மாத்திக் குடுக்கும். போன வருசம் தோத்துக்கொண்டிருக்கேக்க ஒருக்கா 'கடவுளே' எண்டனான். அடுத்த நாள் தலைப்பு என்ன தெரியுமே? பயிற்றுநர் கைவிட்டார், அணியைக் கடவுளிடம் ஒப்படைத்தார்."

"அப்ப தமிழிலயும் வாய் திறக்கேலாதே?"

"அங்கதான் விசயம். அதுக்குத் தெரிஞ்சது புத்தகத் தமிழ். எங்கட கரையோரக் கதை போனால் மெசினுக்குத் தலை சுத்தும். நான் அம்மாவோட ஃபோனில கதைச்சதை 'விளங்காத ஒலி' எண்டு போட்டிருந்தவங்கள். அண்டைக்குத்தான் யோசிச்சனான், பக்கத்தில ஊர் ஆள் ஒண்டு நிண்டால் கொஞ்சம் மூச்சு விடலாமெண்டு."

ஆக, கடதாசியில் அவள் ஆய்வு உதவியாளர். உண்மையில் அவள் வேலை, ஆட்டத்தின்போது றெஜிக்குப் பக்கத்தில் நின்று அவருடைய பயத்தைக் கேட்பது. "பின்காப்பு நொறுங்குது தங்கச்சி, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்பார். அவள், "நீங்கள் நெஞ்சை நிமித்திக்கொண்டு நில்லுங்கோ, கமரா உங்களைத்தான் பாக்குது" என்பாள். உடனே திரும்பி நோர்வே மொழியில் சிங்கம்போலக் கத்துவார். அவளுடைய வதிவிட அனுமதி அந்த வேலையோடு ஒட்டியிருந்தது. அந்த வேலை றெஜியோடு ஒட்டியிருந்தது. றெஜியோ, அணி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தபடியால், எதிலும் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தார்.

அன்று காலை அவர் அறைக்குள் அவள் நுழைந்தபோது றெஜி சவரம் செய்யாத முகத்தோடு யன்னலடியில் நின்றார். கொலரில் பொத்தான் பச்சையாக மினுங்கியது.

"அண்ணை, ஒரு பகிடி சொல்லட்டே?"

"பேந்து சொல்லு. ஸின்ட்ரே வந்திட்டானே?"

ஸின்ட்ரே அணியின் பந்துக்காப்பாளர். இருபது வயது வராத பெடியன்.

"வந்திட்டான். விரலில கட்டோட திரியிறான். கட்டு நல்ல வடிவா இருக்கு, பெரிய டொக்டர் கட்டினது மாதிரி."

"நான்தான் கட்டினது." றெஜி சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மேசை விளிம்பில் இருந்தார். "உனக்கு மட்டும் சொல்லுறன். விரலில ஒண்டுமில்லை. முந்தநாள் பயிற்சி முடிய என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதவன். கை நடுங்குதாம். பந்து வரேக்க பந்து தெரியேல்லை, பாத்துக்கொண்டிருக்கிற சனம்தான் தெரியுதாம். டொக்டர் பயநோய் எண்டுறார். கொஞ்சக் காலம் ஆட்டத்தை விட்டிட்டு இருந்தால் சுகம் வருமாம். ஆருக்கும் சொல்லாதைங்கோ எண்டு கெஞ்சினவன். அவன்ர தாய் தேப்பனுக்கே தெரியாது. நான் வாக்குக் குடுத்திட்டன்."

"அதுக்குத்தானே விரல் முறிஞ்சது?"

"ஓம். வெளியால தெரிஞ்சால் அவனை விடாங்கள். திண்டுபோடுவாங்கள் தங்கச்சி."

அவள் வாயைத் திறக்க முன்னம் கதவு தட்டப்பட்டது. கழகத் தலைவர் பேர்க். உயரமான, இரும்புக் கம்பிபோன்ற மனிதர். அவர் நோர்வே மொழியில் கடுகடுவென்று பேச, திலோவின் காதுக்குள் அது, "இஞ்ச பாரும் றெஜி, சுத்தி வளைக்கத் தேவையில்லை. நாளைக்கும் தோத்தால் நீர் மூட்டை கட்டவேண்டியதுதான்" என்று விழுந்தது. அப்படியே சந்தையில் மீன் ஏலம் கூறுகிற அவளுடைய மாமாவின் வாய். திலோ உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். றெஜிக்கு நோர்வே மொழி தாய்ப்பால் மாதிரி. அவர் காதில் கருவி மாட்டுவதேயில்லை. ஆகையால் கட்டடம் முழுக்கப் பாசையூராகிவிட்டது அவருக்குத் தெரியாது. பத்திரிகையாளர் சந்திப்பு முடியட்டும், சொல்லிச் சிரிப்போம் என்று அவள் விட்டுவிட்டாள்.

போட்டிக்கு முதல் நாள் பத்திரிகையாளர் சந்திப்பில் பயிற்றுநரோடு ஓர் ஆட்டக்காரனும் மேசையில் இருக்கவேண்டும். யார் என்பதை நிருபர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். அன்றைக்கு அவர்கள் கேட்டது ஸின்ட்ரேயை. அவன் கட்டுப்போட்ட விரலை மேசைக்குமேல் வைத்துக்கொண்டு, முகம் வெளிறிப்போய் றெஜிக்குப் பக்கத்தில் இருந்தான். திலோ சுவரோரம் நின்றாள்.

முதற் கேள்விகள் வழக்கமானவை. நாளைக்குத் தோற்றால் என்ன செய்வீர்கள், ஆட்டக்காரர்கள் உங்களை நம்புகிறார்களா என்றெல்லாம். றெஜி கல்லுப்போல முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னார். பிறகு ஹில்டே எழும்பினாள். உள்ளூர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதி எழுதுகிறவள். கெட்டவள் இல்லை. பிள்ளைகளின் போட்டிகளுக்கும் மழையில் நனைந்துகொண்டு வந்து நிற்பவள்.

"ஸின்ட்ரேயின்ர விரல் எப்பிடி?"

"முறிவுதான். கொஞ்ச வாரம் எடுக்கும்" என்றார் றெஜி.

ஹில்டே தயங்கினாள். பிறகு கையிலிருந்த திரையைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். திலோவின் காதுக்குள், ஹில்டேயின் குரலில், பாசையூர்த் தமிழில் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"விரலில ஒண்டுமில்லை. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதவன். கை நடுங்குதாம்..."

ஹில்டே நிறுத்தாமல் வாசித்தாள். கடைசி வரியும் வந்தது. "திண்டுபோடுவாங்கள் தங்கச்சி."

காலையிலிருந்து இந்த ஊர் அவளுடைய மொழியில் அவளோடு கதைத்துக்கொண்டிருந்தது. அவள் கதைப்பதும் இந்த ஊருக்கு விளங்கும் என்று ஒரு கணமாவது நினைத்தாளா?

"முந்தி உங்கட கதை எங்களுக்கு வெறும் சத்தம்" என்றாள் ஹில்டே, மன்னிப்புக் கேட்கிற தொனியில். "இண்டைக்குக் காலமைதான் அது விளங்கத் தொடங்கினது."

யார் விளங்கப்படுத்தினார்கள் என்று திலோ கேட்கத் தேவையிருக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்குக் காது மந்தம். அதனால் வேலை முடிந்து பேருந்தில் போகும்போது அவள் ஃபோனுக்குள் வாயால் சொல்லச் சொல்ல அது எழுதி அம்மாவுக்கு அனுப்பும். தொடக்கத்தில் அது எழுதியதெல்லாம் அலங்கோலம். அவள் விடாப்பிடியாக ஒவ்வொரு சொல்லையும் திருத்தினாள். "இதை நினைவில் வைத்துக்கொள்ளவா?" என்று திரை கேட்கும். ஓம் என்று அமத்துவாள். வடிவா, பேந்து, விறைச்சு, திண்டுபோடுவாங்கள். ஓம், ஓம், ஓம். ஃபோனும் காதுக் கருவியும் பத்திரிகைக்காரரின் மெசினும் ஒரே கொம்பனி. அந்தப் புண்ணியவான் அவள்தான்.

ஸின்ட்ரே மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். றெஜி மெல்ல ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"மெசின் பிழை" என்றார். "எங்கட கதை அதுக்கு விளங்காது. நான் சொன்னது என்னைப் பற்றி. கை நடுங்கிறது எனக்கு. டொக்டரிட்டப் போனது நான். ஸின்ட்ரேக்கு விரல்தான்."

பின்வரிசையில் நின்ற பேர்க்கின் முகம் இறுகியது. போட்டிக்கு முதல் நாள், கமராக்களுக்கு முன்னால், தனக்குப் பயநோய் என்று சொல்லுகிற பயிற்றுநர். றெஜி தன் கதையைத் தானே முடித்துக்கொண்டார் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் விளங்கியது. திலோவுக்கும்தான்.

ஹில்டே திரும்பினாள். "நீங்கள்தானே அவருக்குப் பக்கத்தில நிண்டனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ. மெசின் பிழையோ?"

எல்லாக் கமராக்களும் சுவரோரம் திரும்பின. சந்திப்பில் பொய் சொல்லுகிற கழக ஊழியருக்கு லீக்கில் இனி எங்கும் வேலையில்லை என்பது சட்டம். வேலையில்லையென்றால் நாட்டில் இருப்பும் இல்லை. திலோ றெஜியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை; கேட்கவுமில்லை. அவள் ஸின்ட்ரேயைப் பார்த்தாள். அவன் காதுகள் சிவந்திருந்தன.

காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த உடைந்த நோர்வே மொழியில் சொன்னாள்: "பிழைதான். றெஜி தன்னைப் பற்றித்தான் சொன்னவர்."

சொன்ன மாத்திரத்தில் நெஞ்சு லேசாகியது. சரி, இனி நடக்கிறது நடக்கட்டும்.

அப்போது ஸின்ட்ரே விரற்கட்டை அவிழ்க்கத் தொடங்கினான். நிதானமாக, சுற்றுச் சுற்றாக. றெஜி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் மெதுவாக விலக்கினான். ஒரு கீறலும் இல்லாத கையை மேசைமேல் விரித்து வைத்தான். அது காற்றில் பிடித்த கடதாசிபோல நடுங்கியது.

"என்ர கைதான்" என்றான், கருவி இல்லாமலே திலோவுக்கும் விளங்கும்படி மெதுவாக. "ரெண்டு பேரும் பொய் சொல்லுகினம். எனக்காக."

அந்த அறையில் அதற்குமுன் யாரும் கைதட்டியதில்லை. அன்றைக்குத் தட்டினார்கள். ஹில்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். பேர்க்கும் தட்டினார்.

மாலைக்குள் நாடு முழுக்க ஸின்ட்ரேயின் கையைப் பார்த்துவிட்டது. துணிச்சலான பெடியன் என்றார்கள். பள்ளிக்கூடங்களில் அவனைப் பற்றிப் பாடம் எடுக்கவேண்டும் என்றார்கள். பேர்க் றெஜியையும் திலோவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இருக்கச் சொல்லவில்லை.

"பயம் எண்டால் மன்னிச்சிருப்பம்" என்றார். "உமக்கு எண்டாலும், அவனுக்கு எண்டாலும். பொய் எண்டால் ஏலாது. சனம் எங்களை நம்பாது."

"பெடியனை நாளைக்கு இறக்காதைங்கோ" என்றார் றெஜி. "அது ஒண்டு மட்டும் கேக்கிறன்."

"சனம் அவனைத்தான் கேக்குது, றெஜி."

மறுநாள் திலோ ஒஸ்லோவுக்குக் கப்பலேற வந்திருந்தாள். அங்கே சித்தி வீட்டில் கொஞ்ச நாள் தங்கலாம். அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. வழியனுப்ப றெஜி வந்தார். கப்பல்துறை மண்டபத்தில் பயணிகள் எல்லாரும் சுவரில் இருந்த பெரிய திரைக்கு முன்னால் கூடியிருந்தார்கள். ஹெல்விக் விளையாடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, அந்த மெசினுக்குப் பழக்கினது நான்தான்" என்றாள் திலோ. "அம்மாவுக்கு எழுதி எழுதி."

"கொம்மாவோட கதைக்காமல் இருக்கேலுமே?" என்றார் றெஜி. "விடு. ஆனால் டொக்டர் ஓய்வு எண்டெல்லோ சொன்னவர். இவங்கள் அவனை..."

முன் இருக்கையில் பின்னல் போட்டுக்கொண்டிருந்த நோர்வேக் கிழவி திரும்பினாள். அவள் காதிலும் கருவி இருந்தது. திலோவின் காதில் அவள் பேச்சு ஒரு பெரியம்மாவின் பேச்சாக வந்தது. "அப்பிடிச் சொல்லாதை ராசா. விளையாடினால்தானே பெடியனுக்குத் துணிவு வரும். பார், எல்லாரும் அவனுக்காகத்தானே வந்திருக்கினம்."

றெஜி வாயை மூடிக்கொண்டார்.

திரையில் பந்து ஸின்ட்ரேயின் பக்கம் வந்தது. பாய்ந்து பிடித்தான். மைதானமே எழும்பி நின்று ஆர்ப்பரித்தது. படம் மாறியது. ஒளிபரப்புக்காரர்கள் அவனுடைய கையுறைகளுக்கென்றே தனியாக ஒரு கமரா பூட்டியிருந்தார்கள். திரை முழுக்க இரண்டு கைகள், பந்தை நெஞ்சோடு அணைத்தபடி. மண்டபத்தில் இருந்தவர்கள் முன்னுக்குச் சாய்ந்தார்கள். ஒரு தகப்பன் தன் மகளைத் தோளில் தூக்கிக் காட்டினார். மைதானத்தின் இரைச்சல்கூட அடங்கிப்போயிற்று; நடுங்குகிறதா இல்லையா என்று அங்கேயும் எல்லாரும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நடுங்குது, பாவம்" என்றாள் கிழவி, மிகுந்த அன்போடு.

அடுத்த பந்து வந்தது. அதை ஸின்ட்ரே பார்த்ததாகவே தெரியவில்லை. அவன் பார்வை பார்வையாளர் பக்கம் இருந்தது. பந்து வலைக்குள் போனது. யாரும் திட்டவில்லை. மைதானம் முழுக்க எழும்பி அவனுக்காகக் கைதட்டியது. கமரா மறுபடியும் அவன் கைகளுக்கு வந்து, அங்கேயே நின்றது.

திலோ றெஜியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் குளிர்ச்சட்டைப் பைகளுக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டு, தோளை ஒடுக்கி நின்றார்.

"குளிருதே அண்ணை?"

"ஓம்" என்றார் றெஜி. "நல்லாக் குளிருது."

மண்டபத்தின் சூடாக்கி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற எல்லாரும் மேற்சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள்.